தகட்டு முதுகில் மூணு கோடு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. நான் இங்க நல்லா இருக்கேன், என் முட்டிவலியும் என்னை விட்டுப் பிரியாம நல்லா இருக்கு. நீ எப்படி இருக்கே, வேளைக்குச் சாப்பிடறியா, தையல் மெஷின் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்துடாம பார்த்துக்கோ, ஏற்கெனவே உன்னை நிமிர்த்தி வளர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் சித்தி புதுசாப் பல்செட் கட்டியிருக்கா, போட்டா பேச வரலையாம், பேசணும்னா கழட்டி மடியில வச்சுக்கிறா, அதனால நாள் முழுக்க பல்லு மடியிலதான் இருக்கு. இந்தக் கவர்ல ஒரு ஃபாரம் மடிச்சு வச்சிருக்கேன், முதல்ல அதை எடுத்துப் பத்திரமான இடத்துல வச்சுட்டு வந்து மீதியைப் படி. என் கடுதாசி தொலைஞ்சா போகுது, அந்தத் தாள் கசங்கக் கூடாது.

விஷயம் உங்கப்பா பத்தினது. பயப்படாதே, செத்துப் போனவருக்கு இனிமே என்ன வரும்னு நானும் நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ வெளிநாடு போனப்புறம் நான் கூட்டற கல்லறைத் தோட்டத்து ஆபீஸுக்கு ஒருத்தர் அதிகாரியா வந்தாரு, வெயிலும் இல்லை மழையும் இல்லை குடையை மட்டும் விரிச்சுக்கிட்டே நடப்பாரு, அதனால அவர் குடைக்காரர். முன்பக்கம் மார்பிள் கல்லுங்க இருக்கே, அங்கே அவர் குடையை மடக்கிட்டுப் போவாரு, மரியாதை. அங்கே ஒரு பெரியம்மா உயிரோட இருக்கும்போதே தனக்குக் கல்லு வாங்கிப் பேரையும் பொறந்த தேதியையும் வெட்டி வச்சிருக்காங்க, மத்த தேதிக்கு இடம் விட்டிருக்கு. வாரா வாரம் சக்கர நாற்காலியில வந்து அந்தக் காலி இடத்தை நல்லாத் துடைக்கச் சொல்லுவாங்க, நானும் துடைப்பேன். ரெண்டாங் கிளாஸோட நின்னவ நான், அந்தக் கல்லுங்களைப் படிச்சுப் படிச்சுத்தான் இப்படிக் கடுதாசி எழுதற அளவுக்கு வந்தேன், அதனால அன்பும் பாசமும் மிக்க அப்படிங்கிற வார்த்தையெல்லாம் எனக்குத் தப்பில்லாம வரும். பின்பக்கம் நம்ம ஆளுங்களுக்குக் கல்லு ஏது, தகரத்துல நம்பர்தான், நம்பர்ல என்ன அன்பு பாசம்.

குடைக்காரர் வந்து ஒரு சட்டம் போட்டாரு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் டப்பாவோட பின்பக்கம் ஒரு சுத்து வருவாரு. ஒரு பூவோ மெழுகுவத்தித் துண்டோ, யாரோ வந்துட்டுப் போன அடையாளம் எந்த மேட்டுல இல்லையோ அந்தத் தகட்டுக்குப் பின்னாடி சிவப்பா ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா கேக்க ஆள் இல்லைன்னு அர்த்தம், தோண்டி எடுத்து எல்லாத்தையும் ஒண்ணாப் பொதுக்குழியில போட்டுடுவாங்க. எனக்கு மனசு கேக்கலைடி. முன்பக்கத்துப் பூவளையம் எல்லாம் திங்கக்கிழமை குப்பைக்குத்தானே போகுது, அதைக் கூடையில அள்ளிட்டுப் போய் வாரத்துக்கு ஒரு வரிசைன்னு பின்பக்கத்து மேட்டுங்க மேல வச்சேன். அநாதைன்னு கொண்டு வந்து போட்டவங்க மேல எல்லாம் ஒம்பது மாசமா பணக்காரப் பூ. குடைக்காரர் பார்த்துட்டு இந்த ஏழைங்களுக்குச் சொந்தக்காரங்க பாசம் ஜாஸ்திதான்னு சொன்னாரு, நான் முந்தானைக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். சிரிச்சது அதோட போச்சு.

உங்கப்பா மேட்டுல மட்டும் நான் பூ வைக்கலை. உனக்கே தெரியும், பூ வாசனை பட்டா அவர் தும்மித் தும்மிக் கண்ணு ரெண்டும் கோவைப்பழம் ஆயிடும், கல்யாண போட்டோவுல கூட மாலையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுத்தானே நிக்கறாரு. இப்பவாவது நிம்மதியா இருக்கட்டும்னு தினம் ரெண்டு வேளை கூட்டி, ஒரு சருகு இல்லாம, மண்ணைத் தடவி விட்டுட்டு வருவேன். அந்தத் தோட்டத்துலேயே அவ்வளவு சுத்தமான மேடு வேற இல்லை. அதுதான் தப்பாப் போச்சு. கூட்டறவ புருஷன் மேட்டுல யாரும் வந்த அடையாளமே இல்லை. ஊர்ல உள்ளவங்க தகட்டு முதுகையெல்லாம் போய்ப் போய்ப் பார்த்தேன், நம்ம ஆளோடதைத் திருப்பிப் பார்க்கணும்னு ஒரு நாளும் தோணலை. போன செவ்வாக்கிழமை வாசல்ல லிஸ்ட் ஒட்டினாங்க, என் பூ எட்டாத மேட்டுங்களோட உங்கப்பா நம்பரும், இருநூத்திப் பதினேழு. ஓடிப்போய்ப் பின்னாடி பார்க்கறேன், மூணு கோடு, ஒண்ணு வெளிறி, ஒண்ணு காஞ்சு, ஒண்ணு விரல்ல ஒட்டுது. வாழ்க்கை பூரா சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்ச மனுஷன், அவர் முதுகுல கோணல்மாணலாக் கோடு போட்டிருக்கான் பாரு, அவர் பார்த்திருந்தா செத்ததை விட அதுக்குத்தான் வருத்தப்பட்டிருப்பாரு.

குடைக்காரர்கிட்டப் போய்த் தினமும் நான் அங்கேதானே இருக்கேன்னு சொன்னேன். நீ கூட்டறதுக்கு வர்றே, பார்க்கறதுக்கு வரலையேன்னாரு. கோபமாச் சொல்லலை, கணக்கா கரெக்டாத்தான் சொன்னாரு. அப்புறம் புஸ்தகத்தைப் பிரிச்சுக் காட்டினாரு. அதுல உன் கையெழுத்து இருக்கு. அடக்கம் பண்ணின அன்னிக்கு நான்தானே உன்னை முன்னால தள்ளிவிட்டேன், எம்பொண்ணு எவ்வளவு அழகாப் போடுவா பாருங்கன்னு அந்த நேரத்துலயும் எனக்குப் பீத்திக்கணும். அதனால உரிமைக்காரி நீ, நான் அங்கே சம்பளத்துக்கு வர்றவ, அவ்வளவுதான். உரிமைக்காரி கையெழுத்துப் போட்டு அனுப்பினா அவரை அப்படியே வேற இடத்துக்கு நம்பரோட மாத்தித் தருவாங்களாம், இல்லேன்னா பொதுக்குழிதான். எதுக்கு இந்த அவசரம்னா, முன்பக்கத்துக்கு வர்றவங்க கார் நிறுத்த இடம் பத்தலையாம், சுவரோரம் மூணு வரிசை அதுக்கு வேணுமாம்.

வர்ற மாசம் கடைசி வியாழக்கிழமை நாள் குறிச்சிருக்காங்க. இந்தக் கடுதாசி உன்கிட்ட வரப் பன்னெண்டு நாள், திரும்பி வரப் பன்னெண்டு நாள், நடுவுல உனக்கு நாலே நாள்தான் இருக்கு. போன்ல படம் புடிச்சு அனுப்பினா செல்லாதாம், நீ மையால போட்ட தாளே வேணுமாம், அதுல அங்க இருக்கிற நம்ம நாட்டு ஆபீஸ் சீலும் வேணுமாம், சீலுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டணுமாம். அது உங்க கம்பெனி மேற்பார்வைக்காரம்மா பீரோவுல பூட்டிக் கிடக்குன்னு நீ எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு. போய்க் கேளு. அழுது கேக்காதே, அழுதா அவங்களுக்குப் பூட்டு மேல இன்னும் பிரியம் வந்துடும். நிமிர்ந்து நின்னு, எங்கப்பா விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னொண்ணும் எழுதியிருந்தே, உன் பக்கத்து மெஷின் பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா, எங்கே கொண்டு போய் வச்சாங்கன்னு கேட்டா யாரும் சொல்லலைன்னு. உனக்குக் காய்ச்சல்னா ஒரே நாள்ல சொல்லு, மறைக்காதே.

நான் சும்மா இல்லை, இப்போ அவர் மேல தினம் பூ வைக்கறேன், தும்மட்டும். குடைக்காரர் பார்த்துட்டு இனிமே வச்சு என்ன, லிஸ்ட் போயாச்சுன்னுட்டாரு. பொதுக்குழியை நேத்தே தோண்டியாச்சு. பலகை போட்டு மூடியிருக்கு, நான் அதைச் சுத்தித்தான் கூட்டறேன், காத்துக்குப் பலகை கொஞ்சம் தூக்கித் தூக்கிப் படுக்குது. குழி தோண்டறாரே பெருச்சாளி அண்ணன், அவரை என்ன அண்ணே இவ்வளவு பெருசு, பாதி ஊரையே கூப்பிட்டிருக்கீங்களான்னு கேலி பண்ணினேன். எப்பவும் என் ஒரு வார்த்தைக்கு ஒம்பது வார்த்தை பேசறவரு, மண்வெட்டியில ஒட்டின மண்ணைச் சுரண்ட ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் சொன்னாரு, இது இந்த மூணு வரிசைக்கு மட்டும் வெட்டச் சொன்ன அளவு இல்லைம்மான்னு.

ஒருவேளை உன் தாள் வந்து சேராம போனா நீ மனசை விட்டுடாதே. அண்ணன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், இருநூத்திப் பதினேழைத் தொடும்போது என்னைக் கூப்பிடணும்னு. குழியில எத்தனை பேரோட கலந்துட்டாலும் உங்கப்பாவை நான் கண்டுபிடிச்சுடுவேன், ஏணியிலேர்ந்து விழுந்தப்போ தொடையில வச்ச கம்பி அப்படியேதானே இருக்கும், அன்னிக்கு நாம அழுத அழுகைக்கு இப்பத்தான் ஒரு உபயோகம். ராத்திரி படுத்தா அதைத்தான் நினைச்சுக்கறேன். நம்ம ரெண்டு பேர் உடம்புலயும் அப்படி ஒண்ணும் இல்லையேடி.

சரி, விளக்கு மாதிரி பிரகாசமா நூறு வருஷம் இரு, உன் கையும் கண்ணும் நோவு இல்லாம இருக்கட்டும். ஃபாரத்துல ரெண்டு இடத்துல கையெழுத்து, பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன். அழகாப் போட வேண்டாம், சீக்கிரம் போடு.

உன்னை எப்பவும் வம்புக்கு இழுக்கிற,
அம்மா