செம்பட்டைப் பூனையும் என் கீரைப் பாத்தியும்

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்றும் கையில் பட்டுவிட்டது. கீரை விதைக்க மண்ணைக் கிளறினேன், நாலு விரலும் பூனைப் பீயில். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் சாப்பிடும்போது நாற்றம் மூக்கிலேயே நிற்கிறது. கல் பொறுக்கி, சலித்து, எருப் போட்டு நான் பக்குவமாக வைத்திருக்கும் மண், அதுகளுக்குக் கக்கூஸ்.

முப்பத்தோரு வருடம் துறைமுகக் கிடங்கில் மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்குக் கிள்ளானில் ஒரு மூலை வீடு, பக்கவாட்டில் கொஞ்சம் மண். அதில் கீரை, வெண்டை, ஒரு கறிவேப்பிலை மரம். அதுவும் எனக்கில்லையா?

ஆள் யாரென்று தெரியும். செம்பட்டை நிறம், நுனி மடங்கிய வால், ஊளைச்சதை. தெருப்பூனைக்கு அந்த உடம்பு சும்மா வராது. யாரோ போடுகிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டுக் குமுதாதான். அவள் வாசலில் எந்நேரமும் ஒரு பச்சைக் கிண்ணம் இருக்கிறது.

ஒரே நல்ல சேதி: என் வீட்டுக்காரி தனம் மத்தியானம் கெம்போங் மீன் முழுசையும் சாப்பிட்டுவிட்டாள். முள்ளைக்கூட விடவில்லை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்தபோது கஞ்சி நாலு கரண்டி இறங்காமல் இருந்தவள். என் பொரியலுக்கு இந்த வீட்டில் ஒரு மரியாதை உண்டு.

6 ஆகஸ்ட், செவ்வாய்

பெரிய போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வேலி நெடுக அடுக்கினேன். தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பூனை பயந்து ஓடுமாம். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க எல்லார் வீட்டிலும் இதுதான். மதியம் பார்க்கிறேன், ஒரு போத்தலில் முதுகைச் சொறிந்துகொண்டு நிற்கிறது செம்பட்டை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

குமுதாவிடம் கேட்டே விட்டேன். கேட்டருகே நின்று, மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அந்தக் கிண்ணம் என் வீட்டுப் பூனைக்கு, அங்கிள். அது கேட்ட விட்டு வெளிய வரவே வராது. செம்பட்டைக்கு நான் போடறதில்ல லா."

"அப்ப யாரு போடுறா? நானா?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். செய்வதையும் செய்துவிட்டு முகத்தைப் பார் முகத்தை. இனிமேல் அந்த வீட்டோடு பேச்சில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

மாதம் ஒருமுறை தனத்துக்குப் பயிற்சி கொடுக்க வரும் உஷாராணி இன்று வந்தாள். காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்டி கால்ல நல்ல பலம் வந்திருக்கு. தினம் நடக்க வைக்கிறீங்களா அங்கிள்?" என்றாள்.

எங்கே? நான் கையைப் பிடித்து எழுப்பினால் கல்லாட்டம் உட்கார்ந்துகொள்கிறாள். "மீன்தாம்மா. தினம் ஒரு முழு மீன்" என்றேன். தனம் என்னைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

2 செப்டம்பர், திங்கள்

மிளகுத்தூள் தோற்றது. எலுமிச்சைத் தோல் தோற்றது. பாச்சை உருண்டை தோற்றது. மூன்று பாத்தியில் ஒன்றில்தான் கீரை நிற்கிறது. கோயிலில் பழக்கமான யுகேந்திரன் ஒரு கம்பிக்கூண்டு கொடுத்தான். உள்ளே தின்னப் போனால் கதவு விழும்.

"புடிச்சா கையோட பாசார்ல கொண்டு போய் விட்டுருங்க அண்ணே. சாக்குல கட்டி, மூணு சுத்து சுத்திட்டு, வாய்க்கா தாண்டிப் போகணும். அப்பதான் திரும்பி வராது. அங்க மீன் கெடைக்கும், பாவம் இல்ல."

எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான். பூனையைக் கொன்றால் பாவம், பாசார்ச் சந்தையில் விட்டால் புண்ணியக் கணக்கு.

8 செப்டம்பர், ஞாயிறு

ஆறு நாளாக மீன் தலை வைக்கிறேன். கூண்டின் மேல் ஏறிப் படுத்துத் தூங்குகிறது. தலையை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தின்று கொழுத்த திமிர். வெறுப்பில் எனக்குக் காது சுடுகிறது.

சமையலறைச் சுவரில் தோள் உயரத்துக்கு நீளமாக ஒரு எண்ணெய்க் கறை, பின்கதவு வரைக்கும். எப்படி வந்தது? தீபாவளிக்கு எப்படியும் சாயம் அடிக்க வேண்டும். அந்தச் சுவரை மட்டும் முதலில் முடித்தேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஒரு மாதம் வீட்டில் மீன் வாடை கிடையாது. இன்று சாம்பார், முட்டைக்கோஸ். தனம் பாதியைத் தள்ளிவிட்டாள்.

கூண்டுக்குத் தீனி ஒரு சிக்கல். விரதக் கையால் மீன் தலையைத் தொடுவதா? டின்னில் வரும் பூனைத் தீனியை மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்து வைத்தேன். விரதம் எனக்குத்தான், பூனைக்கில்லை.

19 செப்டம்பர், வியாழன்

மாட்டிக்கொண்டது!

இரண்டு வாரம் சீண்டாத கூண்டுக்குள் இன்று தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறது. பெருமாள் கிருபை, வேறென்ன.

பின்கட்டில் வைத்துச் சாக்கில் தள்ளினேன். முழங்கையில் நாலு கீறல். தனம் கிரில் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே மேசையைக் கரண்டியால் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அதன் மேல் அவ்வளவு கோபம். "இரு தனம், தொலைச்சிட்டு வந்துடறேன்" என்றேன்.

20 செப்டம்பர், வெள்ளி

விடியும் முன் கிளம்பிப் பந்திங் டவுன் பாசார். வழியில் எத்தனை வாய்க்கால் தாண்டினேன் என்று தெரியாது, ஒன்றுக்குப் பத்தாக இருக்கும். காரை நிறுத்திவிட்டுச் சாக்கோடு மூன்று சுற்று. எனக்குத்தான் தலை சுற்றியது. வாயை அவிழ்த்ததும் மீன் மேசைகளுக்கு அடியில் பாய்ந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போய்த் தொலை. திரும்பும் வழியெல்லாம் ராஜா மாதிரி ஓட்டிவந்தேன்.

21 செப்டம்பர், சனி

பாத்தி சுத்தம்.

29 செப்டம்பர், ஞாயிறு

மூன்று பாத்தியிலும் முளை. வரிசை கலையவில்லை.

தனம் சரியாகச் சாப்பிடவில்லை. சைவம் அவளுக்கு எப்போதும் ஆகாது. புரட்டாசி முடியட்டும்.

8 அக்டோபர், செவ்வாய்

உஷாராணி வந்தாள். போன மாதம் வரவில்லை. காலைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. "என்ன அங்கிள், மறுபடி இறுகிப் போச்சு. நடக்க விடலையா? இப்படியே விட்டா அப்புறம் நாற்காலிதான். திரும்பக் கொண்டாறது கஷ்டம்."

நான் என்ன செய்வேன்? எழுப்பினால் என் கையைத் தட்டிவிடுகிறாள். நாளெல்லாம் பின்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புரட்டாசி முடிய இன்னும் எட்டு, ஒன்பது நாள். மீன் வந்தால் சரியாகிவிடும். ஆகிவிடுமா?

20 அக்டோபர், ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

இந்த வாரத்தோடு புரட்டாசி போயிற்று. இன்று காலை முதல் ஆளாகப் போய்க் கெம்போங் வாங்கி, மஞ்சள் மிளகாய் தடவி, மொறுமொறுவென்று பொரித்து அவள் முன்னால் வைத்தேன். வழக்கம்போல் என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடுவதை நான் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. ஒரு வருடமாக நானும் சோற்றை வைத்ததும் முன்னறைக்குப் போய்ப் பேப்பர் படிப்பேன். இன்று மனசு கேட்கவில்லை. நடையில் ஒதுங்கி நின்று பார்த்தேன்.

தனம் எழுந்தாள். தானாக. யாரும் பிடிக்காமல்.

மீனை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது தோளைச் சுவரில் சாய்த்து, உரசி உரசி, பின்கதவு கிரில் வரைக்கும் நடந்தாள். நான் சாயம் அடித்த சுவரில். குனிய முடியாமல் கம்பி வழியாக மீனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். "ச்சு, ச்சு" என்றாள். ரொம்ப நேரம். அப்புறம் வந்த வழியே வந்து, மீனை அப்படியே தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முள் எங்கே போயிற்று என்று நான் ஒரு நாள் கேட்டேனா? கெம்போங் முள்ளை எந்த மனுஷன் மென்று தின்பான்? என் பொரியலாம், அதற்கு மரியாதையாம். மடையன்.

21 அக்டோபர், திங்கள்

குமுதா வீட்டுக் கேட்டில் போய் நின்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"ஆன்டிதான் அங்கிள் போடுவாங்க. தினம் மத்தியானம். நான் துணி காயப்போடும்போது பாப்பேன். நீங்களும் பாத்துட்டுதான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"எங்க சொல்ல விட்டீங்க?"

அந்தப் பெண் மேல் இத்தனை நாள் வைத்த வெறுப்பெல்லாம் நேராக என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பூனை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

22 அக்டோபர், செவ்வாய்

பந்திங். மீன் மேசை, கோழிக்கடை, குப்பைத்தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. இருபது பூனையாவது இருக்கும். தேங்காய் துருவி விற்கும் நாகையா என்பவர் நான் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன பாஸ் தேடறீங்க?" சொன்னேன். "சாக்குல கொண்டாந்து விட்டுட்டுப் போறவன் வாரத்துக்கு நாலு பேரு. திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். எல்லாம் நிக்காது பாஸ். இருக்கற பூனைங்க வெரட்டிரும். ரோட்டுக்கு ஓடும்."

மீன் கிடைக்கும், பாவம் இல்லை என்று யுகேந்திரன் சொன்னான். நானும் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

தனத்திடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை நான் கார்ச் சாவியை எடுத்ததும் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூட்டிப்போனேன்.

தீபாவளிக் கூட்டம், ஈரத் தரை. கையைப் பிடிக்கப் போனேன், தடியால் என் காலைத் தள்ளினாள். தானே நடந்தாள். நூறு அடி வரை எண்ணினேன், அப்புறம் எண்ண முடியவில்லை. மேசைக்கு மேசை நின்று "ச்சு, ச்சு" என்றாள். நாகையா தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், உட்காரவில்லை. மூன்று பூனைகள் வந்தன. ஒன்று செம்பட்டைதான், ஆனால் வால் நேராக இருந்தது.

காரில் ஏறியதும் "தப்புதான் தனம்" என்றேன். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிள்ளான் வரைக்கும் திருப்பவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. குமுதா முறுக்குக் கொண்டுவந்து தனத்தின் கையில் கொடுத்தாள். என் கையில் இல்லை.

3 நவம்பர், ஞாயிறு

தினம் மத்தியானம் மீனோடு கிரில்லுக்குப் போகிறாள். நின்றுவிட்டு வருகிறாள். கால் தேறுகிறது, என்னிடம்தான் ஒரு "ம்" கூட இல்லை. கீரை முழங்கால் உயரம். அறுக்க மனசில்லை, பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

வேலியோரப் போத்தல்களை எல்லாம் எடுத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். கூண்டை யுகேந்திரனிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது பாத்தியைப் பிடுங்கி, மண்ணைக் கொத்திச் சலித்து, ஒன்றும் விதைக்காமல் விட்டேன்.

9 நவம்பர், சனி

காலையில் அந்த வெறும் பாத்தியில் ஒரு மேடு. சும்மா மண்ணைச் சமன் செய்யலாம் என்று கையை விட்டேன். நாலு விரலும்.

அதே நாற்றம். எந்தச் சனியனோ. வேறு ஏதாவது புதியதாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து ஏழு வாரம் கழித்து அது எங்கே வரப்போகிறது. தடம் சின்னதாகத்தான் இருக்கிறது. வாயில் கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது.

கையைக் கழுவவில்லை. அப்படியே போய்ச் சன்னலண்டை நின்று, "தனம், இங்க வந்து பாரு" என்றேன்.

வந்தாள். தடியை ஊன்றி, வாசற்படி இறங்கி, பாத்தி வரைக்கும். மேட்டைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். அப்புறம், பாசாருக்குப் போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் போயிற்று.

நாளை ஞாயிறு. அந்தச் சனியனுக்கும் சேர்த்துக் கெம்போங் மூன்று வாங்க வேண்டும்.