அஞ்சுகம் பாடமான வருடம்

23.06.2025, திங்கள்

புதிய பாடத்திட்டம் வந்தது. எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, நாவல்: ‘மூணாங் கூறு’. ஆசிரியர்: அஞ்சுகம், கோட்டுச்சேரிமேடு. நடத்த வேண்டியவன் நான்.

அதே அஞ்சுகம்தான். பதினான்கு வருடத்துக்கு முன், மீன் விற்ற கையோடு கூடையைத் தமிழ்த்துறை வாசலில் வைத்துவிட்டு, இதே நாவலை நான்கு நோட்டில் எழுதி எடுத்துவந்தவர். இரண்டு பக்கம் புரட்டினேன். “இது பேச்சும்மா, இலக்கியம் இல்ல. முதல்ல இலக்கணம் படிங்க” என்றேன். உட்காரச் சொன்னேனா? இல்லை.

25.06.2025

படித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

09.07.2025

துறையில் எல்லாருக்கும் திடீரென்று அஞ்சுகத்தைத் தெரிந்திருக்கிறது. சிவராமன் சார் அவரிடம் பத்து வருடமாக வஞ்சிரம் வாங்குகிறாராம். அவர் நாவல் பற்றித் துறை நடத்தப்போகும் கருத்தரங்கத்தின் அழைப்பிதழில் அதை ‘நீண்டகால இலக்கியத் தொடர்பு’ என்று போடச் சொல்கிறார்.

13.07.2025, ஞாயிறு

அஞ்சுகத்தைக் கருத்தரங்கத்துக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதா, அது நானில்லை என்பதா — பஸ்ஸில் இரண்டையும் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

வியாபாரம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். “வாங்க சார், உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான் என்று மெல்லச் சொன்னேன்.

“நெனவில்லைங்க சார். நாலஞ்சு சாருங்க அப்படித்தான் சொன்னாங்க. அதுல நீங்க யாரு?”

ஒத்திகையில் இது இல்லை.

07.08.2025, வியாழன்

கருத்தரங்கம். முன்வரிசை முழுக்கப் பிரமுகர்கள். அஞ்சுகத்துக்கு மூன்றாம் வரிசையில் இடம். வரவேற்புரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். நிற்கவைத்தது, திருப்பி அனுப்பியது, எல்லாம். குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்ல, சத்தியமா இல்ல.

எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு.

கல்லூரி முதல்வர் தோளில் தட்டி, “என்ன ஒரு சுயவிமர்சனம். கட்டுரையா எழுதி அனுப்புங்க” என்றார்.

அஞ்சுகம் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். நான் பேசியது நீண்டுவிட்டதால் அது இரண்டு நிமிடமாயிற்று.

18.11.2025

கட்டுரை வெளிவந்துவிட்டது. மூன்று கல்லூரிகளிலிருந்து அழைப்பு. எல்லா அழைப்பிதழிலும் என் பெயருக்குக் கீழே ‘அஞ்சுகம் ஆய்வறிஞர்’. திருத்தச் சொல்லலாமா? அச்சாகிவிட்டதாம்.

04.02.2026

பதவி உயர்வு ஆணை வந்தது. முனைவர் பட்டத்துக்கு என் மேற்பார்வையில் முதல் மாணவியும் சேர்ந்துவிட்டாள், கீர்த்திகா. தலைப்பு: அஞ்சுகத்தின் நாவலில் கடல்.

“சார், கடைசி அத்தியாயத்துல ஒரு சந்தேகம். அவங்களையே போயிக் கேட்டுட்டு வரவா? பக்கந்தான சார்.”

“எழுதினவங்க சொல்றதெல்லாம் ஆய்வுல ஆதாரம் ஆகாதும்மா” என்றேன்.

அதைக் குறித்துக்கொண்டாள்.