பாலத்தடிப் பச்சைப் பெஞ்சு

அனுப்புநர்:
மீமூன் பென்தாயிப், வயது 74,
கப்பல்தளப் பற்றவைப்பாளர் (ஓய்வு),
கால்வாய்த் தெரு, நோர்டர்டைக், நெதர்லாந்து.

பெறுநர்:
பூங்கா அதிகாரி அவர்கள்,
வட்டார அலுவலகம், நோர்டர்டைக்.

பொருள்: முதியோரை நடக்கவைக்கிறோம் என்று சொல்லி, நடந்துகொண்டிருந்தவரை வீட்டில் உட்காரவைத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் முடியும் என்று, ‘முதியோரே, நடங்கள்’ என்ற பலகையைத் தாங்கள் நட்ட அன்றே நான் சொல்லிவிட்டேன். தேநீர்க் கடையில் நாற்பது பேர் சாட்சி. கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வெல்டிங் வேலை பார்த்தவன் நான். நான் பற்றவைத்த கப்பல் ஒன்றுகூட இன்றுவரை மூழ்கவில்லை. என் கணிப்பும் அப்படித்தான்.

2. எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிவாசல் தொள்ளாயிரம் மீட்டர். பாலத்தடிப் பச்சைப் பெஞ்சு சரிபாதியில் இருந்தது. மொராக்கோவிலிருந்து வந்த கிழவர்கள் எட்டுப் பேர் அதில் மூச்சு வாங்கிவிட்டு மறுபாதியை நடப்போம். தங்கள் ஆய்வாளர் நாங்கள் உட்கார்ந்த நேரத்தை மட்டும் பார்த்து, ‘இவர்கள் அசைவதே இல்லை’ என்று எழுதிவிட்டார். பெஞ்சைப் பிடுங்கி, அங்கே காலால் மிதிக்கும் இயந்திரம் வைத்தீர்கள். நீண்ட அங்கியோடு அதில் ஏற முடியுமா என்று எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது அதில் புறாக்கள் உடற்பயிற்சி செய்கின்றன.

3. பெஞ்சைக் கழற்ற வந்த ஆள், "பெரியவரே, பலகையப் படிங்க. நடங்கன்னுதான் போட்டிருக்கு, ஒக்காருங்கன்னு போடல" என்றார். "ட்ராமுக்கு எதுக்குப்பா ஸ்டாப்பு வெச்சிருக்கீங்க? அதுக்கு ஓடத் தெரியாதுன்னா?" என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பானர் கால்வாயில் விழுந்துவிட்டது.

4. எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. நான் ஐந்து வேளையும் நடப்பவன், குதிரைக்குச் சமம். என் நண்பர் ஷாயிபுக்குத்தான் முழங்கால் போய்விட்டது. நானூற்றைம்பது மீட்டருக்கு மேல் கால் வராது. பத்தொன்பது நாளாக வீட்டு நாற்காலியிலேயே தொழுகிறார். பள்ளிவாசல் வரிசையில் அவர் இடம் காலி. மருத்துவர் நடக்கச் சொல்கிறார், பலகை நடக்கச் சொல்கிறது, நடப்பதற்கு இருந்த ஒரே வழியைத் தாங்கள் லாரியில் ஏற்றிவிட்டீர்கள். இதற்கு அக்கிரமம் என்று பெயர். மரியாதை கருதி இத்துடன் நிறுத்துகிறேன்.

ஆகவே, ரமலான் பிறை தெரிவதற்குள் அதே இடத்தில் அதே பெஞ்சைப் போட்டுத் தர வேண்டுகிறேன். இயந்திரத்தைப் புறாக்களுக்கே விட்டுவிடலாம்.

இடம்: நோர்டர்டைக்
நாள்: 27.01.2026

இப்படிக்கு,
மீமூன் பென்தாயிப்

பின்குறிப்பு: கையெழுத்து வாங்க ஷாயிபிடம் படித்துக் காட்டினேன். "எங்காலுக்கு என்னடா கேடு? எழுதுறத ஒழுங்கா எழுது" என்று பேனாவை மூடிக் கொடுத்துவிட்டார். நான்காம் பத்தியில் அது ஒன்று மட்டும் நான் இட்டுக்கட்டியது. அவர் ஐந்து வேளையும் போய் வருகிறார். திரும்பும்போது என் சன்னலுக்குக் கீழே நின்று, யார் யார் வந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். முழங்கால் என்னுடையது.