மிஸ் பெக் எடுக்காத படம்

லோ ஹவுஸ் பண்ணை, ஸ்வேல்டேல்
2 ஏப்ரல் 1983

அன்பு மகள் ஹேசலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் மோஸும் சுகம். நாய்க்குக் காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்டேன், இப்போது நொண்டுவது வெறும் நடிப்பு. உங்கள் நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேலி போடும் வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. இன்று காலை வரை நாற்பத்தொன்று. இரண்டு தவறிவிட்டன. மழை விட்டபாடில்லை.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. உன் அறையை ஒரு மாதத்துக்கு ஒருவருக்கு விட்டிருக்கிறேன். தபால் நிலையத்து ஐடா செய்த வேலை இது. யாரோ தங்க இடம் கேட்டு எழுதினார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "எட்கர் மெட்காஃப் வீட்டில் அறை சும்மாதான் கிடக்கிறது" என்று பதில் போட்டுவிட்டாள். உன் சாமான்களைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஒன்றும் தூக்கிப் போடவில்லை.

வந்திருப்பவர் மிஸ் நோரா பெக். நார்ஃபோக் பக்கம். ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. விடுப்புப் போட்டுவிட்டு நம் பள்ளத்தாக்கின் வசந்தத்தைப் படம் பிடிக்க வந்திருக்கிறார். ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "இருபத்திரண்டு வருஷம் எலும்பையே படம் புடிச்சாச்சு மிஸ்டர் மெட்காஃப். ஒரு மாசமாவது மேல இருக்கற தோலைப் புடிக்கலாம்னு வந்தேன்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

கேமரா என்றால் கையடக்கமானது என்று நினைக்காதே. மரப்பெட்டி, அதை நிறுத்தி வைக்க முக்காலி, தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. அவர் துணிக்குள் தலையை விட்டதும் மோஸ் குரைத்த குரைப்பில் மேல் வயல் ஆடுகள் எல்லாம் கீழ் வயலுக்கு வந்துவிட்டன. நாள் முழுக்க நின்றால் ஒரு படம் எடுக்கிறார். சில நாள் அதுவும் இல்லை. வெளிச்சம் சரியில்லையாம். நான் ஒரு நாளில் பத்துக் குட்டியை வெளியே இழுத்துப் போடுகிறேன், எனக்கு யார் வெளிச்சம் காட்டுகிறார்கள்?

ஆனால் அவரால் தொந்தரவு ஒன்றும் இல்லை. தட்டைத் தானே கழுவி வைக்கிறார்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
எட்கர் மெட்காஃப்


லோ ஹவுஸ்
23 ஏப்ரல்

அன்பு ஹேசலுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அறையை விட்டதில் உனக்கு வருத்தமில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்துப் பார்த்தேன், நிஜமாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது. அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிஸ் நோராவின் காலணிகள் நம் ஊர்ச் சேற்றில் ஒரே வாரத்தில் வாயைப் பிளந்துவிட்டன. கதவுக்குப் பின்னால் உன் அம்மாவின் ரப்பர் பூட்ஸ் அவள் போனதிலிருந்து நான்கு வருஷமாக நின்றுகொண்டிருந்தது அல்லவா, அதைக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இங்கே பேச்சு கிளம்பிவிட்டது. ஐடாவின் புருஷன் ஆல்ஃபை உனக்குத் தெரியும், அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. மதுக்கடையில் எல்லார் முன்னாலும், "என்னப்பா எட்கர், அந்தம்மா பாறையைத்தான் படம் எடுக்குறாங்களா, இல்ல பாறை பக்கத்துல கைய கட்டிக்கிட்டு நிக்கற கிழட்டுப் பாறையையா?" என்றான். நான் முக்காலியைத் தூக்கிக் கொடுக்கப் போகிறேன், அவ்வளவுதான். அது கனமானது.

இப்போது வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மேல் வயல் மதில் திரும்பும் இடத்தில், பழைய தொழுவத்துக்குப் பக்கத்தில், கருமுள் மரம் ஒன்று நிற்கிறதே, அது இந்த வருஷம் இலை விடுவதற்கு முன்பே வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. பின்னால் மலை உச்சியில் பனி இன்னும் கரையவில்லை. மேகத்துக்குக் கீழாகச் சூரியன் வந்து, மரமும் தொழுவமும் மட்டும் ஒளிபட்டு மலை இருண்டிருக்க வேண்டும், அந்த ஒரு படத்துக்காகத்தான் ஊரை விட்டே வந்தேன் என்றார். ஒன்பது நாள், ஹேசல். ஒன்பது நாளும் எதிர்ச் சரிவில் போய் நின்றார். ஆலங்கட்டி மழையில் கேமராவுக்குத் துணியைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்தார். நான் பாலாடைக்கட்டியும் தேநீரும் கொண்டுபோய்க் கொடுப்பேன். வானம்பாடி கத்துவதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்போம். சில நாள் பேசிக்கொண்டும் நிற்போம்.

வியாழன் மாலை நான் தூரத்து மந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்து மணிக்கு மேகம் கீழே கிழிந்தது. அவர் சொன்ன அதே வெளிச்சம். மரம் மட்டும் ஏற்றி வைத்த விளக்குப் போல நின்றது. படத்தை எடுத்திருப்பார் என்று சந்தோஷப்பட்டேன்.

பார்த்தால், எதிர்ச் சரிவில் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். கறுப்புத் துணி தோளில் பறக்கிறது. கேமரா தனியாக நிற்கிறது. விழுந்து எழுந்து ஓடினார். வீடு தீப்பிடித்துவிட்டதோ என்று நானும் இந்தப் பக்கத்திலிருந்து ஓடினேன்.

அவர் கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, தொழுவத்துக்குக் கீழே பள்ளத்தில் சினை ஆடு ஒன்று மல்லாந்து கிடந்ததாம். நான்தான் முதல் வாரம் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தேன், ரோமமும் வயிறும் கனத்த ஆடு மல்லாந்துவிட்டால் தானாக எழ முடியாது, வயிறு ஊதிச் செத்துவிடும், காக்கை அதற்கு முன்பே கண்ணைக் கொத்திவிடும் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆட்டைப் புரட்டி நிமிர்த்தி, அது தள்ளாடி மறுபடி விழாமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்திருந்தார். மேலெல்லாம் சேறு. இரண்டு காக்கைகள் மதில்மேல் உட்கார்ந்திருந்தன.

திரும்பிப் பார்த்தேன். மரத்தில் வெளிச்சம் போய்விட்டது.

"படத்தை எடுத்துட்டு வந்திருக்கலாமே, ஒரு நிமிஷ வேலைதானே" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை முறைத்தார். "நாலு காலும் வானத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கு. அதைப் பாத்துக்கிட்டே பொத்தானை அமுக்கச் சொல்றீங்களா? அதுசரி, ஆடு உங்களுது. நன்றின்னு ஒரு வார்த்தை வாயில வராதோ?" என்றார்.

உருளைக்கிழங்கு வேக வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கொஞ்சம் அழுதார் என்று நினைக்கிறேன். நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடு நேற்று இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் பெண். நேற்றே பெரிய காற்றும் வந்து கருமுள் மரத்தில் ஒரு பூ விடாமல் உதிர்த்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


லோ ஹவுஸ்
2 மே

என் கண்ணே ஹேசல்,

வழக்கமாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிற அப்பா இப்படி எழுதித் தள்ளுகிறாரே என்று நினைப்பாய். பொறுமையாகப் படி.

நோரா சனிக்கிழமை போய்விட்டார். விடுப்பு முடிந்தது. போவதற்கு நான்கு நாள் முன்பு, பூ உதிர்ந்த மரத்தின் கீழ் நின்றுகொண்டு, "அடுத்த வருஷமும் பூக்கும், இல்லையா? அப்ப அறை வாடகைக்குக் கிடைக்குமா எட்கர்?" என்று கேட்டார். நான், "கிடைக்காது" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு முக்காலியை மடக்கினார். அன்றைக்கு அதை என்னிடம் தூக்கத் தரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. உனக்குப் புரிந்திருக்கும். இந்த வாயை வைத்துக்கொண்டு உன் அம்மாவை எப்படிக் கட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம். கேட்டவள் அவள்தான், நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான்கு நாளும் வீட்டில் இருவரும் மரியாதையாக நடந்துகொண்டோம். அதைப் போல் கொடுமை வேறில்லை. அவர் பூட்ஸைக் கழுவி, துடைத்து, கதவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். சனிக்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டு டார்லிங்டன் ரயிலுக்குக் கிளம்பினேன். பதினோரு மைல் பேச்சே இல்லை. பிறகு யாரோ ஒருவரின் மந்தை சாலையை அடைத்துக்கொண்டு போனது. வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "வாடகைக்குக் கிடைக்காதுன்னுதான் சொன்னேன். நீங்க வர வேணாம்னு சொல்லல. உங்ககிட்ட வாடகை வாங்க எனக்கு மனசு வராது, அதுதான்."

மந்தை கடந்துபோய்விட்டது. நான் வண்டியை எடுக்கவில்லை. அவர், "இதைச் சொல்ல நாலு நாளும் பதினோரு மைலும் ஆச்சா உங்களுக்கு?" என்றார். நல்ல கோபம். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, "மனுஷன் எலும்பு எல்லாத்தையும் உள்ள வரைக்கும் பாத்திருக்கேன். உங்களை மாதிரி ஒரு மூடின பெட்டியைப் பாத்ததில்ல" என்றார். பின்னால் வந்த லாரிக்காரன் ஒலிப்பானை அமுக்கிக் கத்தினான். அப்புறம் ரயில் நிலையம் வரைக்கும் அவர் பேசினார், நானும் பேசினேன்.

ஜூன் மூன்றாவது வாரம் நார்ஃபோக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே அவருடைய தங்கை குடும்பம் இருக்கிறது, அவர்கள் வீட்டில் தங்கலாம். கடலோரச் சதுப்பு நிலத்தைப் படம் எடுக்க வேண்டுமாம், முக்காலி தூக்க ஆள் வேண்டுமாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆல்ஃபிடம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று சும்மாதான் கேட்டேன். "போடா போ, ரோமம் கத்தரிக்கறதுக்குள்ள திரும்பி வந்தாப் போதும்" என்றான். அவன் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய், உன் அம்மாவின் கல்லறையில் புல்லைச் செதுக்கிவிட்டு வந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொல்வது சுலபம். உன்னிடம்தான் மூன்று கடிதம் ஆகிவிட்டது.

நான் வருத்தப்படுவேன் என்று பார்க்காதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, போகமாட்டேன், அதைப் பற்றி ஒருநாளும் பேசவும் மாட்டேன். போகலாம் என்றால் ஒரு வரி போதும். அப்படியானால் இன்னொன்றையும் சேர்த்து எழுது. கடலோரத்துக்கு, தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போகும்போது என்ன மாதிரிச் சட்டை போட வேண்டும்? நீல நிறக் கட்டம் போட்டது ஒன்று இருக்கிறது, காலர் கொஞ்சம் நைந்துவிட்டது. இதெல்லாம் உன் அம்மா எடுத்து வைப்பாள். இப்போது கேட்பதற்கு எனக்கு உன்னைத் தவிர யாருமில்லை.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

தபால்காரரை வாசலிலேயே மறித்து நிற்கப்போகும்
உன் அப்பா