பிலிமத்தலாவையில் நீ பார்த்துத் தந்த வேன்

இன்று காலை வேனை வெட்டிப் போட்டாயிற்று. கெலிஓயாவில், தகரம் தட்டி ஒட்டுகிற முஸ்லிம் அண்ணன், நாம் நானா என்று கூப்பிடுவோமே, அவருடைய கராஜுக்குப் பின்னால், கேஸ் கட்டரோடு வந்த இரண்டு பேர் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். பெயின்டுக்கு அடியில் பூசியிருக்கும் பட்டி கருகுகிற வாசம் இருக்கிறதே, அது தொண்டைக்குள் இறங்கினால் லேசில் போகாது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன், சட்டையை ஊறப் போட்டேன், இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. அந்த வாசத்தோடு உட்கார்ந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ போய் ஐந்து மாதம். முதல் நான்கு மாதம் உன்னை நினைத்து அழுதேன். வேலைத்தலத்தில் டைல்ஸ் பெட்டியைப் பார்த்தாலே கண் கலங்கும். இந்த ஒரு மாதமாக உன்னை நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. செத்தவனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கும்போது நீ எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் தரவில்லையே, நான் என்ன செய்ய?

ஒன்பது வருடத்துக்கு முன்பு நம்மிடம் வண்டி இல்லை. கலஹா பஸ்ஸில்தான் பேராதனைக்கு இறங்குவோம். நான் பைப் வேலை, நீ டைல்ஸ் வேலை. கண்டி டவுனைச் சுற்றிக் கட்டுகிற வீடுகளில் குளியலறை என்றால் நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் சாமானும் உன் கட்டரும் ஒரே உரப்பையில் இருக்கும். கண்டக்டர் தினமும் "இது பஸ்ஸா, லொறியா?" என்று எரிந்து விழுவான். "லொறின்னா ஒக்காந்தாவது போயிருப்போமே" என்று நீயும் தினமும் அதே பதிலைச் சொல்லுவாய். பஸ்ஸே சிரிக்கும்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரி குவைத்திலிருந்து திரும்பி வந்தாள். நான்கு வருடம் அடுத்தவர் வீட்டில் துணி துவைத்துக் கொண்டுவந்த பணம். அதை முதலில் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டுப் புது வேன் எடுப்போம் என்பது அவள் கட்சி.

"பழசுன்னா, எவனோ ஒருத்தன் தலவலிய நாம காசு குடுத்து வாங்குறதுண்ணே" என்று உன்னிடமே சொன்னாள்.

நீ விடவில்லை. "தங்கச்சி, புதுசு கடைய விட்டு ரோட்டுக்கு எறங்குன அன்னைக்கே பழசுதான். அதுவும் நம்ம தொழிலுக்கு! மொத நாளே ஒரு பைப் கீறிருச்சுன்னா ஒங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் சாப்பிட மாட்டாரு. லீசிங்காரனுக்கு மழ தெரியாது, வேல இல்லாத மாசம் தெரியாது. டாண்ணு வாசல்ல வந்து நிப்பான்."

நீ சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போதும் அதை மறுக்க மாட்டேன். பழைய வண்டி வாங்கி நன்றாக உழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவளும் கடைசியில், "நீங்க பாத்து சரின்னா சரிண்ணே" என்று இறங்கி வந்தாள். என்னை நம்பி அவள் இறங்கவில்லை. உன்னை நம்பித்தான்.

உன்னை நம்பாதவர் யார்? கலஹாவிலிருந்து தெல்தோட்டை வரைக்கும் யார் ஒரு ஆட்டோ வாங்கினாலும் உன்னைத்தானே கூட்டிக்கொண்டு போனார்கள். கைக்குட்டையில் சுற்றிய காந்தத் துண்டை எடுத்து வண்டி முழுக்கத் தடவிக்கொண்டு வருவாய். தகரத்தில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் நழுவி விழும். விழுந்தால், விற்கிறவன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாய். அவன் அந்த இடத்திலேயே விலையைக் குறைப்பான்.

பிலிமத்தலாவையில் அந்த வெள்ளை வேனைப் பார்க்கப் போன அன்று கதவுகளில் மட்டும் காந்தம் வைத்துக் காட்டினாய். ஒட்டியது. பிறகு சாக்கை விரித்து அடியில் போனாய். நேரம் போனது. அந்த வேன் கடைக்காரர் எனக்கு வாங்கி வந்த டீயே ஆறிவிட்டது. வெளியில் வந்து சட்டையில் இருந்த மண்ணைத் தட்டியபடி, "ஒண்ணுமில்லடா, நல்ல சாமான்" என்றாய். அவர் உன் தோளில் கை போட்டார். தெரிந்த மனுசன் என்று மட்டும் என்னிடம் சொன்னாய்.

வீட்டில், எதற்கும் ஒரு கராஜில் காட்டிவிட்டு எடுங்கள் என்றாள். நான் சீறி விழுந்தேன். "அவன் பாத்ததுக்கு மேல இன்னொருத்தனா? அவன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" நமக்குள் அதுதானே வழக்கம். நம் ஆள் ஒருவன் பார்த்த பிறகு வேறு ஒருத்தனைப் பார்க்க விட்டால் அது அவனைக் கேவலப்படுத்துவது. நான் மரியாதை பார்த்தேன் மச்சான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து உன் தங்கச்சி கல்யாணத்தில் அதே வேன் கடைக்காரர் மாப்பிள்ளையின் தாய்மாமனாக முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஆச்சரியப்பட்டதும், "ஒலகம் சின்னதுடா" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு, வேனிலிருந்து அரிசி மூட்டை இறக்கப் போனேன்.

போன மாதம்தான் எல்லாம் வெளியில் வந்தது. அரசாங்கம் தடுத்து வைத்திருந்த வெளிநாட்டு வாகனம் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டது, இந்தத் தரமாவது புதுசு எடுப்போம் என்று வீட்டில் பிடிவாதம். பழைய வேனை விற்று முன்பணம் கட்டலாம் என்று கணக்குப் போட்டோம். விற்க முன்பு கொஞ்சம் பெயின்ட் அடிக்க நானாவிடம் கொண்டு போனேன். அவர் தரையில் போட்டிருந்த ரப்பரைக் கிழித்தார். முன் சீட்டுக்குப் பின்னால், குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு ஒட்டு.

"இது ரெண்டு வண்டிட பாதியெ வெட்டி ஒட்டினது தானே. ஒங்களுக்குத் தெரியும் தானே?" என்றார் நானா.

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒட்டின இடத்தில் இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்து இறுக்கியிருந்தது. பாரத்தோடு எங்காவது மோதினால் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்துவிடுமாம்.

"இந்தத் தகட்டெ வச்சித் தந்ததே நான் தான். ஒங்கட கூட்டாளி ரெண்டு தரம் கொண்டு வந்தார். சொந்தக்காரருக்குத் தெரியும்டு சொன்னார். வண்டி வாங்கின நேரம் தங்கச்சிட கலியாணம் பேசி முடிஞ்ச கையாம். வண்டி சரியில்லண்டு சொன்னா மாப்புள பக்கம் கோவிச்சுக்கும்டு வாங்க விட்டாராம்." அதற்குள் என் முகம் மாறியதைக் கண்டிருப்பார். "மௌத்தாப் போன மனிசன். மன்னிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

இரண்டு தரம்! தெல்தெனியவில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி இரண்டு தரம் வேனை வாங்கிக்கொண்டு போனாயே, அதுதான். ஒரு தரம் நானே டீசல் அடித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போதெல்லாம், "நீ தள்ளு, நான் ஓட்டுறேன்" என்று ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வாய். என் முதுகு வலிக்காகத்தான் என்று நினைத்தேன். பாசம் என்று நினைத்தேன். பயம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த மழை நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. கலஹா சந்தியில் உன் மனைவியும் மகளும் பஸ்ஸுக்கு நனைந்துகொண்டு நின்றார்கள். நீதான் ஓட்டினாய். பின்னால் என் இரண்டு மகள்களும் டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்து, ஏற்றிக்கொள்வோம் என்றேன். "வேல வண்டியில குடும்பத்த ஏத்துனா தொழிலுக்கு மரியாத போயிரும். அவங்க பஸ்ல வரட்டும்" என்று நிறுத்தாமல் போனாய். உனக்கு அது ஒரு கொள்கை என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். பாரு, எவ்வளவு கண்டிப்பான மனுசன் என்று. ஒன்பது வருடத்தில் ஒரு நாள் உன் வீட்டு ஆட்களை அந்த வேனில் ஏற்றவில்லை நீ. என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அந்த ஒட்டுக்கு மேலேயே உட்கார்ந்து போய்வந்தார்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டுதானே ஓட்டினாய்? அப்போது உன் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? அடப்பாவி, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிலிமத்தலாவையிலேயே ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய், "மச்சான், வண்டி சரியில்ல, ஆனா தங்கச்சி விசயம் இருக்கு" என்று காதில் சொல்லியிருந்தால் போதும். பழியை நானே ஏற்றுக்கொண்டு, வீட்டுக்காரிக்கு வெள்ளை நிறம் பிடிக்காதாம் என்று அந்த மனுசனிடம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். கல்யாணமும் நின்றிருக்காது. இதைக்கூட என்னிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை என்றால், அத்தனை வருடம் நாம் என்ன கூட்டாளிகள்?

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்த நிமிடம் உன் வீட்டு வாசலில் நிற்பாள். அவள் பணம், அவள் பிள்ளைகள்; அவளைக் குறை சொல்ல முடியாது. உன் வீட்டில் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறார்கள். "அப்பா பாத்தா தப்பாகாது" என்று உன் மகள் எதற்கெடுத்தாலும் சொல்கிறாள். அவர்களுக்கு நீ விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான்.

போன வாரம் உன் மனைவி வீட்டுக்கு வந்தாள். அவள் தம்பி கட்டாரிலிருந்து வந்து அலுமினிய ஜன்னல் பொருத்துகிற வேலை தொடங்கப் போகிறானாம்.

"அண்ணே, நீங்க புது வேன் எடுக்கப் போறீங்கன்னு சொன்னாங்க. பழச வெளிய குடுத்துறாதீங்க. தம்பிக்கே குடுங்க. வெலைய பத்தி யோசிக்க வேணாம். அவரு கை பட்ட வண்டி, நம்ம கண்ணு முன்னால ஓடட்டும்."

"அதுக்கென்ன, ஒங்களுக்கு இல்லாததா" என்று என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

சரி என்று தலையாட்டியிருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும், புது வேனும் வாசலுக்கு வந்திருக்கும். நீ செய்ததுபோல் நானும் கம்மென்று இருந்திருந்தால் போதும். ஆனால் அந்தத் தம்பிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவன் பிள்ளைகளை ஏற்றாமல் இருக்க மாட்டான், அவனுக்கு என்ன தெரியும்? உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கழுத்தில் தாலி இல்லாததைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"வண்டி அடியெல்லாம் துருப்புடிச்சு போச்சு தங்கச்சி. ஓட்ட முடியாதுன்னு கராஜ் நானா சொல்லிட்டாரு."

"துருவ தம்பி பாத்துக்குவான்ணே."

"இல்லம்மா. யாருக்கும் குடுக்குறதா இல்ல."

அவள் முகம் சுருங்கிப்போனது. "வெளியாளு கூடுதலா தர்றான்னா சொல்லிருங்கண்ணே, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்று எழுந்துவிட்டாள். வைத்த டீயைத் தொடவில்லை. அன்றிலிருந்து என் வீட்டிலும் என்னோடு சரியாகப் பேச்சில்லை. நேற்று வரைக்கும் ஓடிய வண்டி இன்றைக்கு எப்படித் துருப்பிடித்தது என்று கேட்கிறாள். இரும்பு விலைக்குப் போட்டதில் புது வேன் இன்னும் சில வருடம் தள்ளிப் போய்விட்டது.

இன்று வெட்டி முடித்துவிட்டுக் கலஹா பஸ்ஸில்தான் திரும்பினேன். உன் மனைவி சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள் விடவில்லை. நாலு பேர் கேட்கிற மாதிரித்தான் பேசினாள்.

"வெட்டிட்டீங்களாமே."

"ஆமா தங்கச்சி."

"எங்களுக்குக் குடுக்க மனசு வராம இரும்புக்குப் போட்டுட்டீங்க. அவரு இருந்து, நீங்க போயிருந்தா, ஒங்க பொண்டாட்டி புள்ளைகளுக்கு இப்படி ஒரு துரோகம் செஞ்சிருப்பாரா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கண்ணே."

மரக்கறிக்காரர் தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். உன் மகளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"செஞ்சிருக்க மாட்டான் தங்கச்சி" என்றேன். "அவன் சத்தியமா செஞ்சிருக்க மாட்டான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சத்தியத்தை இனி சாகும் வரைக்கும் நான்தான் வைத்துக்கொண்டு திரிய வேண்டும், மச்சான்.