பொழுதுபடும்வரை மூடியிருந்த சட்டி

இஞ்சாருங்கோ,

உங்களை நான் வேறு எப்படியும் அழைத்ததில்லை. கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். இது உங்களுக்கு எழுதுவது. ஆனாலும் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். இங்கே வெள்ளவத்தையில் உங்களைப் பற்றிக் கதைத்தவர்களும் வாசிக்கட்டும்.

போன வருடம் வன்னியிலிருந்து உங்கள் மரணச் செய்தி வந்தபோது கூடவே ஒரு வசனமும் வந்தது: காட்டுக் கிழங்கைத் தெரியாமல் அவித்துச் சாப்பிட்டுவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் இருப்பவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயது போனால் கண் தெரியாதுதானே அன்ரி. கண்டதையும் பிடுங்கித் திண்டிருப்பார்” என்றாள்.

கையை இழுத்துக்கொண்டேன். “அவர் தின்கிறவரில்லை, பிள்ளை. சாப்பிடுகிறவர்” என்றேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை வருத்தியது. இலையைக் கசக்கி மணந்து பார்க்காமல் ஒரு கீரையைக்கூடத் தொடாத மனிதர், எப்படிப் பிழைவிட்டீர்கள்?

காணி அளக்கும் சேவையர் வேலையில் உங்களை மாற்றிய இடமெல்லாம் நானும் வந்தேன். சனிக்கிழமை வந்தால் நடை. பதுளை மலைச்சரிவில் போவிட்டியாப் பழம் தின்று இருவர் நாக்கும் ஊதாவாகி, எதிரே வந்த பாதிரியாருக்கு வாய் திறந்து வணக்கம் சொல்ல முடியாமல் நின்றோம். மட்டக்களப்பில் வாவிக்கரை உமிரிக்கீரை. மன்னார்க் காட்டில் பாலைப்பழம்; உதடு ஒட்டிக்கொண்டதில் பாதி வழி நான் பேசவில்லை. அதுதான் அந்தப் பழத்தின் அருமை என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள்.

சட்டம் போட்டது பதுளையில். ஒருநாள் தொப்பி நிறையக் காளான் கொண்டு வந்தீர்கள். நான் குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஒராள் முதல்ல சாப்பிடட்டும். மற்ற ஆள் பொழுதுபடும்வரைக்கும் தொடக்கூடாது. அதுக்குப் பிறகுதான் அது சாப்பாடு.”

“ஆரந்த முதல் ஆள்?”

“கொண்டு வந்தவர்.”

“கொன்வென்ரில இதையும் படிப்பிச்சவையோ? புருஷனை எப்பிடிக் கொல்லுறது எண்டு?”

அன்று நாங்கள் எவ்வளவு சிரித்தோம்! பிறகு எத்தனையோ காட்டிலும் கரையிலும் நீங்கள் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் வேலை செய்வதுபோல உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை.

யுத்தம் வந்தது. மன்னார் போயிற்று, மட்டக்களப்பு போயிற்று. மலைநாட்டில் பையும் தடியுமாக நடந்தால் பொலிஸ் கேட்டது. என்னை வெள்ளவத்தையில் விட்டு, யாழ்ப்பாணத்து வீட்டைப் பார்த்துவிட்டு உடனே வருகிறேன் என்று போனீர்கள். சனத்தோடு சனமாக வன்னிக்கு இடம்பெயர்ந்தீர்கள். பாதை மூடிக்கொண்டது.

இப்போது செய்திக்கு வருகிறேன். வன்னியில் உங்களோடு ஒரே மரத்தடியில் இருந்த புனிதா போன கிழமை என்னைத் தேடி வந்தாள். சுவிஸில் இருக்கும் கணவனிடம் போவதற்காக, வன்னியை விட்டு வெளியேற அனுமதி வாங்கி, மகளோடு இங்கே ஒரு லொட்ஜில் நிற்கிறாள். தேத்தண்ணீரும் விசுக்கோத்தும் வைத்தேன். சிறுமி தொடவில்லை.

“சாப்பிடு பிள்ளை.”

“நீங்கள் முதல்ல” என்றாள்.

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குறை நினையாதேங்கோ அம்மா. அண்டைக்கு நடந்ததில இருந்து இவள் இப்பிடித்தான்” என்று புனிதா சொல்லத் தொடங்கினாள்.

நிவாரண அரிசி வராத நாட்களாம். காட்டில் யாரோ கிண்டிப் போட்டிருந்த கிழங்குகளை இந்தச் சிறுமி சட்டைக்குள் அள்ளி வந்திருக்கிறாள். கொடி இல்லை, இலை இல்லை. “இலை இல்லாமல் என்னாலயும் சொல்லேலாது, எறியுங்கோ” என்றீர்களாம். மரத்தடியில் இருந்த பிள்ளைகள் அழுதார்களாம். கடைசியில் அவிக்கச் சொன்னீர்களாம்.

“பிறகு, ‘இது என்ர மனிசி போட்ட சட்டம், பொழுதுபடும்வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது’ எண்டவர். ‘கொண்டு வந்த ஆள்தான் முதல்ல சாப்பிடவேணும். ஆனா இண்டைக்குச் சட்டத்தில ஒரு மாற்றம்’ எண்டு இவளின்ர தலையைத் தடவிப்போட்டு, தான் எடுத்துச் சாப்பிட்டவர். சட்டியை மூடி, முழங்காலுக்கு நடுவில வைச்சுக்கொண்டு இருந்தவர். பக்கத்துக் குடும்பத்துச் சின்னவன் பசியில அவரின்ர கையைக் கடிச்சும் விடேல்லை.”

பொழுதுபட முன், சாப்பிட்டதெல்லாம் வெளியே வர, உங்களுக்குச் சத்தி தொடங்கிவிட்டது. சட்டியைக் குழியில் கொட்டி மூடும்வரை படுக்க மாட்டேன் என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்ததாம். அந்த மரத்தடியிலேயே உங்களை அடக்கம் செய்தார்களாம்.

“எவ்வளவு சாப்பிட்டவர்?” என்று கேட்டேன். சட்டப்படி ஒரு சின்னத் துண்டுதான்.

புனிதா குனிந்துகொண்டாள். “ஒரு முழுக் கிழங்கு, அம்மா. ‘ஒரு சின்னத் துண்டு கிழவனை ஒண்டும் செய்யாது, பிள்ளையளைச் செய்யும்; வடிவா நிறையச் சாப்பிட்டுப் பாத்தால்தான் தெரியும்’ எண்டவர்.”

அப்படியா? பிள்ளைகளுக்காகவா சாப்பிட்டீர்கள்? அல்லது அவ்வளவு பசியா உங்களுக்கு? இரண்டும்தான் என்று சொல்லிவிடாதீர்கள், என்னால் தாங்க முடியாது. நான் இங்கே அன்று என்ன சமைத்திருப்பேன்? கறியில் உப்புக் கூடிவிட்டது என்று யாரைக் கடிந்திருப்பேன்?

சட்டம் நான் போட்டது. அதைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இருந்ததா என்று கேட்க எனக்கு இனி வாயில்லை. ஆனால் ஊருக்குச் சொல்கிறேன்: அவர் பிழைவிடவில்லை. அந்தச் சட்டியில் இருந்ததை வேறு ஒருவரும் சாப்பிடவில்லை.

நேற்று ரயில் பாதை வேலியில் முசுட்டைக் கொடி படர்ந்திருந்தது. ஒரு பிடி இலை பறித்து வந்து சுண்டினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாசல் கதிரையில் பொழுதுபடும்வரை இருந்தேன். முசுட்டையைத் தெரியாதவளா நான்? என் முகத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை. மிச்சத்தைச் சாப்பிட மனம் வரவில்லை.

பாதை திறக்கும் நாளில், கால் நடந்தால், அந்த மரத்தடிக்கு வருவேன். உங்கள் தலைமாட்டில் முளைத்திருக்கும் கீரையைக் கிள்ளி அங்கேயே அடுப்பு மூட்டுவேன். கொண்டு வந்தவர்தான் முதலில். சட்டத்தில் இனி மாற்றமில்லை. நான் சாப்பிடுகிறேன். பொழுதுபடும்வரை நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சட்டம் போட்டவள்,
உங்கள் மனைவி