சும்மா விட்ட நிலம்

செப். 9, செவ்வாய்

இல்லை, காடு என்று சொல்லிப் பயனில்லை. காடு என்றதும் எல்லோருக்கும் அருவி, யானை, பச்சை. இது குண்டடத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், முழங்கால் உயரப் பழுத்த புல். அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை முள்வேலி. இங்கே இதற்குக் கொறங்காடு என்று பெயர். மாட்டுக்கென்று உழாமல் விட்ட நிலம்.

மேகம் இருந்தது. மழை இல்லை. காற்று மட்டும்.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆவணப்படம் என்று அப்பாவிடம் சொன்னபோது "அப்பொ பாட்டு கெடையாதா" என்றார்.

மணி அண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. பத்து வருடத்துக்கும் மேலாக, அக்கம்பக்கத்தில் யார் விற்றாலும் வாங்கிப் போட்டு, ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறார். மாடு மேயலாம். கம்பி வேலி கிடையாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேமரா முன்னால் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க."

நான் நம்புகிறேன். ஊரில் யாரும் நம்பவில்லை. விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார் என்கிறார்கள்.

நடுவில் ஒரு துண்டு மட்டும் அவருடையது இல்லை. பங்காளி சின்னச்சாமியுடையது. குட்டை அந்தத் துண்டில்தான். சுற்றுவட்டாரத்தில் கௌதாரிக்கும் முயலுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் அது ஒன்றுதான். புரட்டாசி கழிந்ததும் வீட்டுமனை சைட் போடுகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்கப் போகிறாராம். குட்டையை மூடி ரோடு, எல்லைக்கல், கலர் கொடி.

"படத்தெ அவருக்கு ஒருக்கா போட்டுக் காட்டோணும், கண்ணு. நாஞ் சொன்னா அவரு காதுலயே வாங்கமாட்டாரு" என்றார் மணி அண்ணன்.

ஆக, இந்தப் படத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர். விசித்திரமான நிம்மதி.

செப். 10, புதன்

எடுத்துப் போக: பேட்டரி. தொப்பி. தண்ணீர், போன தடவையைவிட அதிகம். ஷூ (புல் விதை காலுறையில் குத்திக்கொண்டு வீடுவரை வருகிறது).

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெருமாநல்லூருக்கு வந்து வாழ்நாளில் பாதி ஆகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை, அங்கேயே இருக்கிறது.

"ஏட்டி, முள்ளையும் மாட்டையும் படம் புடிக்கதுக்கா எம்.ஏ. படிச்ச?"

"ஆமாப்பா."

"கல்யாண வீடியோன்னாலும் பிரியாணியாது கெடைக்கும்லா."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குள் தன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை ஒன்று காலி இருப்பதையும் சொல்லிவிட்டார்.

மாலையில் எடுத்ததைப் பார்த்தேன். எதுவுமே நடக்கவில்லை. புல் சாய்கிறது, நிமிர்கிறது. எதுவும் நடக்காத இடத்தைக் காப்பாற்ற எதற்கு ஒரு படம்? கேள்வியை எழுதி வைக்கிறேன். பதில் தெரியாது.

செப். 12, வெள்ளி

ஒலி முழுக்கக் காற்று. மணி அண்ணன் வாய் அசைகிறது, காற்றாலை பேசுகிறது. ஜெபா (கேமரா, முகூர்த்த நாள்களில் கல்யாணம், மற்ற நாள்களில் நான்) மணி அண்ணன் கம்பெனியிலிருந்து ஃபிளீஸ் துணி வெட்டி வந்து மைக்குக்கு உறை தைத்துப் போட்டான். சாம்பல் நிறம். குட்டி நாய் மாதிரி இருக்கிறது. வேலை செய்கிறது.

தெற்கு ஓரம் இன்றுதான் போனோம். சின்னச்சாமியின் எல்லையை ஒட்டிய பகுதி. புல் அங்கே மற்ற இடத்தைவிட அடர்த்தி. கதிர் முற்றி, இன்னும் உதிராமல். வெயில் ஏறியதும் முழுக்கச் செம்பு நிறம். ஜெபா கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கினான்.

"இத அப்படியே எடுக்கணும். ஞாயித்துக்கெழம காலைல வருவோம்" என்றான்.

மணி அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. "வாங்க கண்ணு, ரெடியா இருக்கும்."

ரெடியாக என்ன இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டாமா. தோன்றவில்லை.

செப். 14, ஞாயிறு

தெற்கு ஓரம் இல்லை.

அப்படித்தான் முதலில் பட்டது. வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று. எல்லை வேலிவரை ஒரே சீராக வெட்டிய தரை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சலூன் போய்வந்த தலை மாதிரி. காய்ந்த முள்ளைக்கூடப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். புல் மொத்தமும் வேனில் ஏற்றிப் போயாகிவிட்டது.

மணி அண்ணன் புதுச் சட்டையில் நின்றார்.

"எப்புடி இருக்குது கண்ணு? நேத்துப் பொழுதுக்கும் மிசின் வெச்சு அடிச்சோம். ஃபாரின் பையருக்கு அனுப்பற பீஸ் மாதிரி, ஒரு பிசிறு இருக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டேன்."

ஜெபா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். சட்டையில் தொங்கும் நூலை வெட்டி வெட்டியே பழகிய கை அவருடையது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் அவருக்கு முதலில் தெரிவது பிசிறுதான்.

"அண்ணா, புல்லைத்தான் எடுக்க வந்தோம்."

"புல்லுதான் இருக்குதுங்களே. சுத்தமா, கண்ணுக்கு நல்லா."

அப்போது ஜெபா கையைக் காட்டினான். வெட்டாத புல்லின் விளிம்பில் ஒரு பெட்டைக் கௌதாரி. பின்னால் குஞ்சுகள், புல்லுக்குள் பாதி, வெளியே பாதி. எதிரே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் குட்டை. இடையில் மொட்டைத் தரை. அது ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. மேலே பருந்து. திரும்பிப் புல்லுக்குள் போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

"ஏன் நிக்குது? தண்ணிக்குத்தான் வருது" என்றார் மணி அண்ணன், மெல்ல.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அது கடக்கவே இல்லை. வெயில் ஏறி நாங்கள் கிளம்பும்வரை. மணி அண்ணன் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. குடிக்கவில்லை. "விதை உதிரங்காட்டியும் முன்னாடியே அடிச்சுப்போட்டனே" என்றார். யாரிடமும் இல்லை.

செப். 15, திங்கள்

தூறல், பதினைந்து நிமிடம். தூசி வாசனை. பிறகு புழுக்கம்.

எடுத்ததைப் பார்த்தேன். இதுவரை எடுத்ததிலேயே நல்ல காட்சி இதுதான். அது என்னை வருத்துகிறது. ஒரு பறவை தாகத்தோடு நிற்பது எனக்கு நல்ல காட்சி.

வைப்பதா, எடுத்துவிடுவதா?

எடுத்துவிட்டால்: வெள்ளிக்கிழமை கொஞ்சம் எடுத்த செம்பு நிறப் புல் போதும். அழகான படம். மணி அண்ணன் நல்லவர். சின்னச்சாமி கொட்டாவி விட்டுவிட்டு அட்வான்ஸ் வாங்குவார்.

வைத்தால்: மணி அண்ணனைப் பங்காளி முன்னால் தலைகுனிய வைப்பேன். பங்காளி முன்னால். இந்த ஊரில் அதைவிட வேறு தண்டனை இல்லை. அதன் பிறகும் சின்னச்சாமி அட்வான்ஸ் வாங்கலாம், இன்னும் உற்சாகமாக.

ஜெபா சொன்னான்: "அவருட்டயே கேளு. அவரு காடு, அவரு மானம்."

செப். 17, புதன்

கம்பெனியில் கேட்டேன். செக்கிங் மேசைகளுக்கு நடுவில், சத்தத்தில். லேப்டாப்பில் காட்சியை ஓட்டிக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இதையே போடோணுமா?"

"வேண்டாம்னா எடுத்துடறேன், அண்ணா."

மேசையில் கிடந்த ஒரு டீ-சர்ட்டை எடுத்தார். அடிமடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். வைத்தார்.

"டேமேஜ் பீஸை நடுவுல சொருகி அனுப்புனா பையரு ஒரு தடவைதான் ஏமாறுவான், கண்ணு." லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "சின்னச்சாமியண்ணன் சிரிப்பாரு. சிரிச்சுட்டுப் போறாரு. போடு."

பிறகு அவரே கேட்டார், கேமராவை இங்கேயே வைக்க முடியுமா என்று. வைத்தோம். நான் கேள்வி கேட்கவில்லை. அவரே சொன்னார், என்ன செய்தார், ஏன் செய்தார், முழுவதும். பின்னால் தையல் மிஷின்கள். அந்தச் சத்தத்தை நீக்கப்போவதில்லை.

வெளியே வரும்போது கவனித்தேன்: எனக்குப் பசித்தது. மூன்று நாளாகப் பசியே இல்லை.

செப். 21, ஞாயிறு

பேக்கிங் ஹாலில் திரையிட்டோம். ஷட்டரை இறக்கி, ஜன்னலுக்கு அட்டைப்பெட்டி வைத்து இருட்டாக்கி. திரைக்குச் சாயம் போடாத பனியன் துணி. இழுத்துக் கட்டியதில் படம் அகலவாக்கில் நீண்டுவிட்டது.

"ஏனுங்க, காங்கேயம் மாடுன்னீங்க, எருமையாட்டம் இருக்குது?" இருட்டில் யாரோ. சிரிப்பு. இந்தியில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ விளக்கிக்கொண்டே இருந்தாள். "காவ்" என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப. ஊர் என்று அர்த்தமாம்.

சின்னச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முதல் நாற்காலியில் கால்மேல் கால். வரும்போதே, "சித்த நேரந்தான் இருப்பேன். வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது."

புல் காட்சியில் செல்போன் பார்த்தார். மாட்டுக் காட்சியில் நிமிர்ந்தார். கௌதாரி வந்து நின்றபோது ஹாலில் பேச்சு நின்றது. அது இரண்டாம் முறை திரும்பிப் போனபோது அவர் எழுந்துவிட்டார்.

"அட, அது என்ற குட்டைக்கு வர்றதப்பா! யாரு அங்க புல்லை அடிச்சது?"

திரையில் மணி அண்ணனின் முகம் வந்தது. நான்தான், என்றது. விருந்தாளி வருகிறார்கள் என்று சுத்தம் செய்தேன் என்றது.

பிறகு சின்னச்சாமி சிரித்தார். துண்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"சைட்டுக்காரன் வந்து பண்ணவேண்டியதை நீயே ஒரு நாள்ல பண்ணிப்போட்டயேடா மணி!"

ஹால் முழுவதும் சிரித்தது. டெய்லர்கள், ஹெல்ப்பர்கள், அவருடைய சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும். மணி அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். "ஆமாங்கண்ணா" என்றார்.

சின்னச்சாமியின் சிரிப்பு குறைந்து நின்றது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ற கம்பெனி ஆளுக முன்னாலயே போட்டிருக்கறெ."

"நடந்ததுதானுங்களே."

"நாங்கூட நீ வெலைக்குத்தான் புடிச்சு வெச்சிருக்கறேன்னு நெனச்சேன். வெலைக்கு வெச்சிருக்கறவன் இதைக் காட்டமாட்டான்."

உட்கார்ந்தார். கடைசிவரை பார்த்தார். உறவினர்கள் காத்திருந்திருப்பார்கள்.

போகும்போது வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே: "உனக்கு விக்கமாட்டேன். அதை மனசுல வெச்சுக்க."

"கேக்கலீங்கண்ணா."

"சைட்டுக்காரனுக்கும் விக்கலை."

ஜெபா என் தோளை உலுக்கினான். அவரை நம்பலாமா? வாய்வார்த்தைதான். இருந்தாலும் ஹாலில் அத்தனை காது.

செப். 24, புதன்

சைட்காரர் சின்னச்சாமி வீட்டுக்குப் போனாராம். மணி அண்ணன் போனில் சொன்னார். டீ கொடுத்து, மழை பற்றிப் பேசி, டீ டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "இல்லீங்க, அது மாடு தண்ணி குடிக்கற எடமுங்க" என்றாராம். அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "படத்தப் பாத்தா மனசு மாறுனாரு?"

"படத்துல ஒரு தப்பைப் பாத்துப்பா."

யோசித்தார். "பாட்டு இல்லாமலேயா?"

மெர்ச்சண்டைசர் வேலை பற்றி இன்று பேசவில்லை.

செப். 28, ஞாயிறு

நேற்று நல்ல மழை. மண் கருத்திருக்கிறது. மொட்டைத் தரையில் பச்சை எதுவும் இல்லை, தேடிப் பார்த்தேன். இனி அடுத்த மழைக்குள் வரலாம். வராமலும் போகலாம்.

சின்னச்சாமி டிராக்டரில் வெள்வேல முள் வெட்டி வந்திருந்தார். புல் வரும்வரை அதைப் பரப்பி வைத்தால் கௌதாரி அடியில் நுழைந்து குட்டைக்குப் போகும் என்கிறார். மணி அண்ணன் முள்ளை வரிசையாக, நேர்கோட்டில் அடுக்க ஆரம்பித்தார்.

"டேய், பேக்கிங் பண்றயா? கலைச்சு உடுடா!"

கலைத்து விட்டார்.

ஜெபா இருவரையும் எடுத்துக்கொண்டிருந்தான். சின்னச்சாமி என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, நின்னு பாத்தா முள்ளு தானா நடந்து போயிருமா?"

ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கிளையின் அடியைப் பிடித்து இழுத்துப் போனேன்.